கால் பட்ட வில்

பின்வளவுக் கொட்டிலில் புருசன் தில்லைநாதன் செய்து சாத்தி வைத்திருந்த சாமானைக் கண்டதும் இரத்தினம்மா வாசலடியிலேயே நின்றுவிட்டாள். தோளில் அணைத்துப் பிடிக்க ஒரு கட்டை, அதற்கு முன்னால் நீட்டுக்கு ஒரு பலகை, பலகையின் நுனியில் குறுக்காக ஏதோ ஒன்று. குறுக்கே கிடந்தது வில் என்பது பிறகுதான் அவள் கண்ணில் பட்டது. முதலில் தெரிந்தது துவக்கு, துப்பாக்கி. சண்டைக் காலத்தைக் கண்ட இந்தக் கரையில் ஐம்பது வயதைத் தாண்டிய எந்தப் பெண்ணாக இருந்தாலும் முதலில் அதுதான் தெரிந்திருக்கும்.

கையில் கிடைத்த உரச்சாக்கை எடுத்து அதன் மேல் போட்டாள். பிறகுதான் வாய் திறந்தது.

“இஞ்சருங்கோ! என்ன கண்டறியாத வேலை உது? ஒழுங்கையாலை போறவன் ஆரும் கண்டு சொன்னா நாளைக்கு வாசல்லை ஜீப் வந்து நிக்கும்.”

“உது வில்லப்பா.”

“வில்லோ? வில்லைத் தோளிலை வைச்சோ பிடிக்கிறது?”

“கை இல்லாதவன் தோளாலைதானே பிடிக்கவேணும்” என்றான் தில்லைநாதன். வாய் இன்னும் ஒரு பக்கம் இழுபட்டிருந்ததால் அவன் கோபமாய்ச் சொன்னானா, பகிடியாய்ச் சொன்னானா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. போன ஐப்பசியில் அவனுக்குப் பாரிசவாதம் வந்த நாளிலிருந்து அவளுக்கு நிறைய விசயங்கள் பிடிபடவில்லை.

அன்று பின்னேரமே அந்தப் பலகையை விறகோடு விறகாகக் கொத்தி அடுப்பில் வைத்துவிட்டாள். வில்லை மட்டும் கொத்தவில்லை. அது கமுகஞ்சிலாகையில் இழைத்து, படகு ஒட்டுகிற பைபர் நாரை முதுகில் படுக்கவைத்து, ரெசின் பூசிக் காயவிட்ட வில். பார்க்க வடிவாய்த்தான் இருந்தது.

தில்லைநாதன் கரையில் பெயரெடுத்த படகு ஒட்டுகாரன். கடலடிப் பாறையான பாரில் அடித்து வயிறு கிழிந்த பைபர் படகுகளைக் கவிழ்த்துப் போட்டு, உரஞ்சி, நார் வைத்து, ரெசின் பூசி, கிழிந்த இடம் எதுவென்று சொந்தக்காரனே தேடும்படி செய்து கொடுப்பான். அந்தத் தூசியின் கடி தாங்காமல் ஒரு கிழமையில் ஓடிப்போன பெடியன்கள் எத்தனையோ பேர். அவனுக்கு அது கடித்ததே இல்லை. இப்போது இடக் கை தொங்கிப்போய், இடக் காலும் இழுத்து இழுத்து நடக்கிற நிலையில், கவிழ்த்த படகு ஒன்றும் அவன் வளவுக்கு வருவதில்லை. அதற்காக அவன் அழுததாக ஒருவரும் காணவில்லை. அவனுக்கு யோசனை முழுக்க வேட்டைத் திருவிழாவில் இருந்தது.

கரைக் கந்தசாமி கோயிலில் ஆடியில் கொடியேறும். வேட்டைத் திருவிழாவன்று பின்னேரம் சாமி குதிரை வாகனத்தில் கடற்கரை மணலுக்கு வருவார். அங்கே நட்ட இரண்டு கம்புகளுக்கு இடையில் பனையோலையில் பின்னிய பன்றி தொங்கும். சாமியின் கையில் இருக்கிற வெள்ளி வில்லால் எய்ய முடியாதுதானே. அதனால் மரவில் ஒன்றைக் குருக்கள் சாமியின் காலடியில் வைத்து எடுத்துக் கொடுக்க, அதை வாங்கிச் சாமிக்காக எய்வது தில்லைநாதன் வீட்டு ஆண்பிள்ளையின் உரிமை. ஒரு வருடம் அவனால் எய்ய முடியாமல் போனால் உரிமை அடுத்த சகோதரனுக்குப் போகும். போனால் அந்தக் கிளையிலேயே நின்றுவிடும், திரும்பி வராது. தில்லைநாதனுக்கு ஆண்பிள்ளை இல்லை. ஒரே மகள் சுபாஜினி, நல்லூரில் ரியூசன் கொட்டில் ஒன்றில் கணக்குப் படிப்பிக்கிறவள். அவனுக்குப் பிறகு எப்படியும் தம்பி செல்வரட்ணத்தின் வீட்டுக்குத்தான் போகப்போகிறது. அது அவனுக்கும் தெரியும். ஆனால் தான் உயிரோடு இருக்க, கண் முன்னால் போவதை அவனால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. இதுதான் அவனுடைய வருத்தம், வேறொன்றுமில்லை.

செல்வரட்ணம் கெட்டவன் இல்லை. ஆனால் மாசியிலிருந்தே கடற்கரையில் ஒரு பூவரசங் கம்பை வளைத்து வைத்துக்கொண்டு எய்து பழகுகிறான் என்ற கதை ஊருக்குள் வந்துவிட்டது. கேட்டால் “சும்மா, உடம்புக்கு நல்லது” என்பான். வலை இழுக்கிறவனுக்கு உடம்புக்கு வேறு என்ன நல்லது வேண்டும்?

துவக்குப் பலகை அடுப்போடு போனபிறகு அடுத்த வில் வந்தது. அதைத் தொங்குகிற கையோடு சைக்கிள் ரியூப்பால் வரிந்து கட்டப் பார்த்தான். நாணை இழுத்ததும் முழங்கை மடிந்து வில் அவன் மூக்கில் அடித்தது. அதற்கடுத்தது, படகுப் பாய்மரம் மாதிரி நிலத்தில் ஊன்றுகிற வில். ஆளை விட உயரம். அது அம்பைக் கொண்டுபோய்ப் பக்கத்து வளவு முருங்கையில் ஏற்றிவிட்டது. அதை ஊன்றக் கிடங்கு வெட்டவேண்டும் என்பதும், சாமிக்கு முன்னால் கிடங்கு வெட்டிக்கொண்டிருக்க முடியாது என்பதும் அவன் மூளையில் பிறகுதான் ஓடியது.

இதற்கெல்லாம் கூட நின்றவள் இரத்தினம்மாதான். ஒற்றைக் கையால் சீவுளி பிடிக்கலாம், சிலாகையை யார் பிடிப்பது? காலையில் புட்டவித்து, சுபாஜினியை பஸ்சுக்கு அனுப்பிவிட்டுக் கொட்டிலுக்குள் போனால் மத்தியானம் உலை வைக்கிற நேரம்தான் வெளியில் வருவாள். நாணைப் பூட்டி வில்லை மெல்ல மெல்ல இழுத்து, இரண்டு பக்கமும் சீராக வளைகிறதா என்று பார்க்கவேண்டும். அவள் நடுவில் பிடிப்பாள், அவன் இழுப்பான். வளையாத பக்கத்தில் கரித்துண்டால் கோடு போடுவான், கண்ணாடித் துண்டால் சுரண்டுவான், திரும்பவும் இழுப்பான். இதற்குப் பிறகு வந்த வில்லிலும் இதே பாடுதான்.

“மேலை பிடி. மேலை எண்டன்.”

“இதுதானே மேலை.”

“அது கீழை. குறுகின பக்கம் கீழை.”

“ஏன் ஒரு பக்கம் குறுகலாக் கிடக்கு? மரம் காணாமல் போச்சோ?”

“சொன்னா உனக்கு விளங்குமே?”

விளங்காதுதான். அவளுக்கு அவன் கொட்டிலில் செய்வதும் விளங்கவில்லை, வீட்டுக்குள் செய்வதும் விளங்கவில்லை. சட்டைக்குத் தெறி பூட்டப் போனால் கையைத் தட்டிவிடுவான். மீனில் முள் எடுத்துக் கொடுத்தால் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைப்பான். ஒருநாள் மத்தியானம் ஒட்டி மீன் குழம்பும் முருங்கையிலை வறையும் வைத்து, சோற்றைப் பிசைந்து கொடுத்தாள். அவன் எழும்பிப் போய்ப் படியில் இருந்தான். அவள் பின்னாலேயே போனாள்.

“நான் என்ன பிழை செய்தனான்? அதையெண்டாலும் சொல்லுங்கோ.”

“நீ ஒண்டும் செய்யேல்லை.”

“பேந்து ஏன் என்னைக் கண்டா முகத்தைத் திருப்பிறியள்?”

அவன் கடற்பக்கம் திரும்பினான். சோளகக் காற்று மணலை அள்ளி வேலியில் எறிந்துகொண்டிருந்தது. பிறகு சொன்னான்:

“விடிஞ்சாப் பொழுதுபட்டா எனக்கு எல்லாத்துக்கும் நீ. குளிக்க வாக்க நீ, சாரம் கட்ட நீ. ஒரு அலுவலெண்டாலும் நீ பிடிக்காமல் நான் செய்யவேணும் இரத்தினம். ஒண்டே ஒண்டு. அவ்வளவுதான்.”

அவளுக்கு அழுகை வந்தது. கூடவே கோபமும் வந்தது. அந்த ஒரு அலுவலைச் செய்வதற்கான வில்லையும் அவள்தானே பிடித்துக்கொண்டு நிற்கிறாள்?

வழி காட்டியது சுபாஜினியின் போன். ஏதோ ஒரு தேசத்தில் கையே இல்லாத ஆட்கள் கதிரையில் இருந்து, ஒரு காலால் வில்லைத் தள்ளிப் பிடித்து எய்வதை அவள் தகப்பனுக்குப் போட்டுக் காட்டினாள். தில்லைநாதன் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தான். போனில் சார்ஜ் இறங்கிப்போன பிறகும் கறுத்த கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்தநாளே வேலை தொடங்கியது. அவனுக்கு நல்ல கால் வலது, நல்ல கையும் வலது. நிலத்தில் இருந்து, வலது காலை நீட்டி, வில்லின் பிடியை உள்ளங்காலால் தள்ளி, வலது கையால் நாணை இழுக்கவேண்டும். வில் நிலத்தில் இடிக்கக்கூடாது. அதனால் கீழ்ப்பக்கம் குறுகல், மேற்பக்கம் நீளம். குறுகல் பக்கம் விறைத்துப்போகாமல் இருக்க அதை மெல்லியதாய் இழைத்து நாரைக் கூட்டிவைத்தான். காலை நுழைக்கப் பிடியில் பாய்த்துணியால் ஒரு வார். பார்க்க வில் மாதிரியே இல்லை. யாரோ பாதியில் முறித்துவிட்டு மனம் மாறி ஒட்டிவைத்தது மாதிரி இருந்தது. ஆனால் முதல் அம்பே நேராகப் போய்ப் பனையில் குத்தி நின்றது.

ஒரு கிழமைக்குள் ஒழுங்கை முழுக்க இதே கதை. செல்வரட்ணம் கூட வந்து பார்த்தான். வேலியில் தொங்கவிட்ட ஓலைப்பெட்டியை அண்ணன் மணலில் இருந்தபடியே குத்திக் கிழிப்பதைப் பார்த்து வாயைப் பிளந்தான்.

“அண்ணை, நீ எய்துபோடுவாய் போலை கிடக்கே!”

“ஏன், உனக்குக் கவலையோ?”

“எனக்கென்ன கவலை? நல்லதுதானே” என்றான் செல்வரட்ணம். முகத்தில் கவலையும் இருந்தது, சந்தோசமும் இருந்தது. எது கூட என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

கொடியேறியது. வீட்டில் மீன் மச்சம் நின்றது. கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய்ப் பொரியல், பயற்றங்காய் என்று மரக்கறிச் சமையல். வேட்டைக்கு முந்தின கிழமை வில்லை மஞ்சள்தண்ணீரில் கழுவிச் சாமியறையில் வைப்பது வழக்கம். இரத்தினம்மா முழுகிவிட்டு ஈரத் தலையோடு வந்து வில்லை எடுத்தாள். பாய்த்துணி வாரில் அவனுடைய குதிக்காலின் ஊத்தை கறுப்பாய்ப் படிந்திருந்தது. கழுவினாள், போகவில்லை. சவுக்காரம் போட்டுத் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

வில்லை ஏந்தியபடி முற்றத்தில் நின்று கூப்பிட்டாள்.

“இஞ்சருங்கோ, இதை எப்பிடிச் சாமியின்ரை காலடியிலை வைக்கிறது?”

“ஏன், வழமையா வைக்கிற மாதிரித்தான்.”

“உங்கடை கால் பட்டதெல்லோ?”

தில்லைநாதன் அவளைப் பார்த்தான். வில்லைப் பார்த்தான். திரும்ப அவளைப் பார்த்தான்.

வலையை மிதித்தாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றுகிற வீடு அது. புத்தகத்தில் கால் பட்டதற்குச் சுபாஜினி சின்ன வயதில் அடி வாங்கியிருக்கிறாள். அப்படிப்பட்ட வீட்டில் மூன்று பேர் இத்தனை நாளாய்ச் சாமியின் வில்லுக்குக் கால் வைக்க வார் தைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். பார்க்க வந்த ஊரும் கைதட்டிவிட்டுத்தான் போனது. ஒருவருக்கும் அது மூளையில் ஓடவில்லை. எப்படி ஓடாமல் போனது என்று இன்றைக்குக் கேட்டாலும் அந்த ஊரில் ஒருவரும் சரியான பதில் சொல்லமாட்டார்கள்.

“உனக்கு உது முந்தியே தெரியுமோ?” என்று கேட்டான்.

“இல்லை. இப்பதான். உங்களுக்கு?”

“எனக்கு இப்பவும் விளங்கேல்லை இரத்தினம்.”

பின்னேரம் சுபாஜினி வந்து தாயோடு சண்டை பிடித்தாள். “சாமிக்கு விளங்காதே அம்மா? கையைத் தந்தவர் அவர், எடுத்தவரும் அவர். காலாலை பிடிச்சா மட்டும் கோவிப்பாரே?” அவள் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. இரத்தினம்மா சொன்னதும் நியாயமாகப் பட்டது. தில்லைநாதன் இரண்டுக்கும் நடுவில் இருந்து இரண்டுக்கும் தலையாட்டினான். கடைசியில் மூன்று பேருமாகக் குருக்கள் வீட்டுக்குப் போனார்கள்.

குருக்கள் இளம் ஆள். தகப்பன் போனபிறகு பூசைக்கு வந்து இரண்டாவது திருவிழா. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நெற்றியைத் தடவினார்.

“கால் பட்ட வில்லை நான் சாமியின்ரை பாதத்திலை வைக்கேலாது.”

“அப்ப நான் எய்யேலாது எண்டுறியள்.”

“அப்பிடியும் நான் சொல்லேல்லை. எய்யிற உரிமை உங்கடை. அதைப் பறிக்க எனக்கு அதிகாரம் இல்லை.”

“அப்ப என்னதான் ஐயா சொல்லுறியள்?”

“அதுதான் எனக்கும் தெரியேல்லை” என்றார் குருக்கள், உண்மையாகவே கவலைப்பட்டு. “அப்பா இருந்திருந்தா ஏதாவது சொல்லியிருப்பார்.”

வீட்டுக்கு வந்ததும் தில்லைநாதன் கொட்டிலுக்குள் போய், மிச்சமாயிருந்த கமுகஞ்சிலாகையை எடுத்தான். புதிதாய் ஒன்று, கால் படாத ஒன்று. கைக்குப் பழகிப்போன அதே அளவு, அதே குறுகல், அதே நீளம். வார் மட்டும் இல்லை. இரத்தினம்மா சொல்லாமலே வந்து மற்றப் பக்கத்தைப் பிடித்தாள்.

“காலும் வைக்கேலாதெண்டா இதை ஆர் பிடிக்கிறது?”

“செல்வரட்ணம்.”

அவள் சிலாகையைப் பிடித்த பிடி தளர்ந்தது. “என்ன சொல்லுறியள்?”

“அவன் எய்யட்டும். நான் செய்த வில்லாலை எய்யட்டும். அவ்வளவும் காணும் எனக்கு.”

“காணுமோ?”

“காணும் எண்டு சொல்லுறனெல்லே! நேராப் பிடி.”

காணாது, போதவே போதாது என்பது அவன் சீவிய சீவலிலேயே தெரிந்தது. இரத்தினம்மா சிலாகையை நேராகப் பிடித்தாள்.

வேட்டைத் திருவிழா அன்று காற்று அடங்கிக் கிடந்தது. மேளமும் நாதசுரமும் முன்னால் வர, சாமி குதிரையில் ஆடி ஆடி மணலுக்கு வந்தார். கரைச் சனம் முழுக்க நின்றது. கனடாவிலிருந்து வந்தவர்கள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். குருக்கள் புது வில்லைச் சாமியின் காலடியில் வைத்து, பூப்போட்டு எடுத்து, யாரிடம் நீட்டுவது என்று தெரியாமல் தில்லைநாதனிடமே நீட்டினார். அவன் வலது கையால் வாங்கினான். கொஞ்ச நேரம் வைத்திருந்தான். பிறகு தம்பியிடம் கொடுத்தான்.

பூவரசங் கம்பில் பழகிய செல்வரட்ணத்தின் கை, வில்லின் நடுவைத் தேடியது. இந்த வில்லுக்கு நடுவில் பிடி இல்லை. அவன் வில்லைத் தலைகீழாய்த் திருப்பினான், குறுகல் பக்கம் மேலே வந்தது. இழுத்தான். வில் கையில் சுழன்று, நாண் ஒரு முனையில் கழன்று, அம்பு அவன் காலடியில் விழுந்தது. சனத்துக்குள் யாரோ சிரித்தார்கள். யாரோ “அபசகுனம்” என்றார்கள். மேளகாரர் அடிப்பதா நிறுத்துவதா என்று குருக்களின் முகத்தைப் பார்த்தார்கள். குருக்கள் கோயில் தலைவர் நடராசாவைப் பார்த்தார். நடராசா சாமியைப் பார்த்தார்.

“அண்ணை, எனக்கு ஏலாமல் கிடக்கு. இதென்ன வில்லு?” செல்வரட்ணத்துக்கு அழுகை வந்துவிட்டது.

“அப்பிடியில்லைத் தம்பி, குறுகின பக்கம் கீழை!” என்று பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து சத்தம் வந்தது. சொன்ன வாயோடு இரத்தினம்மா மணலுக்குள் வந்துவிட்டாள். வில்லை வாங்கி முழங்காலில் ஊன்றி, நாணைப் பூட்டி, சரியாய்த் திருப்பிக் காட்டினாள். “இஞ்சை, இதிலை பிடிக்கவேணும். கொஞ்சம் கீழை.”

“நீங்களே பிடியுங்கோ மச்சாள்” என்றான் செல்வரட்ணம், விட்டால் போதும் என்று ஒதுங்கி.

அவள் திகைத்துப்போனாள். வில் இடக் கையில் இருந்தது. எத்தனையோ காலைப் பொழுதுகள் கொட்டிலுக்குள் நீட்டிப் பிடித்த மாதிரியே கை தானாய் நீண்டிருந்தது. சுற்றிவரச் சனம். தான் எங்கே நிற்கிறாள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வில்லைக் கீழே வைக்கலாம் என்றால் சாமியின் வில், மணலில் வைக்க முடியாது. நடராசா “பொம்பிளையள்…” என்று ஏதோ தொடங்கினார், முடிக்கவில்லை.

தில்லைநாதன் காலை இழுத்து இழுத்து வந்தான். குனிந்து அம்பை எடுத்தான். அவளுக்குப் பின்னால் நெருங்கி நின்று, அம்பை நாணில் வைத்தான். அவன் மூச்சு அவள் பிடரியில் பட்டது.

“நான் விட்டிட்டுப் போறன்” என்றாள் மெதுவாக. “நான் பிடிக்கக்கூடாதெண்டனியள்.”

“போகாதை.”

“அப்ப?”

“எனக்குத் தெரியாது. ஆடாமல் நில்.”

அவன் இழுத்தான். அவள் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கொடுத்தாள். வில் முழுக்க வளைந்து ஒரு கணம் நின்றது. பிறகு டப்பென்று ஒரு சத்தம். ஓலைப்பன்றி கம்புகளுக்கு நடுவில் ஒருதரம் சுழன்றது. அதன் பின்னந்தொடையில் அம்பு குத்திக்கொண்டு தொங்கியது.

“அரோகரா!” என்று கரை முழுக்கக் கத்தியது. கத்தி முடிந்த பிறகுதான் கேள்வி வந்தது: எய்தது யார்? வில் பிடித்தவளா, நாண் இழுத்தவனா? முதலில் எய்யப் போனது செல்வரட்ணம். அப்படியென்றால் உரிமை மாறிவிட்டதா, மாறவில்லையா? எய்தவருக்குக் கொடுக்கிற காளாஞ்சித் தட்டோடு குருக்கள் மூன்று பேருக்கும் நடுவில் வந்து நின்றார். யாருடைய கையில் வைப்பது என்று தெரியாமல் தட்டு அங்கும் இங்கும் போனது. நடராசா “சபை கூடித்தான் முடிவெடுக்கவேணும்” என்றார். சபை அன்றைக்குப் பிறகு இரண்டுமுறை கூடிவிட்டது, முடிவு எடுத்ததாக ஒருவரும் சொல்லவில்லை. அன்று கடைசியில் செல்வரட்ணம்தான் பொறுமை கெட்டுத் தட்டை வாங்கி, அண்ணனுடைய தோளுக்கும் மச்சாளுடைய தோளுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு வீடுவரை வந்தான்.

வீட்டுக்கு வந்ததும் தில்லைநாதன் நேரே போய்ப் படியில் இருந்தான். இரத்தினம்மாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அவன் கேட்டது ஒன்றே ஒன்று. அவள் பிடிக்காமல் செய்ய ஒரு அலுவல். அதையும் ஊர் பார்க்க அவள் பிடித்துவிட்டாள். கோபமா, வெட்கமா, என்னவென்று அவன் முகத்தில் படிக்க முடியவில்லை. தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டுவந்து நீட்டினாள்.

நீட்டிய கையை அவன் பார்த்தான். முழங்கைக்குக் கீழே, உட்பக்கத்தில், நாண் அடித்த இடம் நீலமாய்க் கன்றிக் கிடந்தது.

“நோகுதோ?”

“இல்லை.”

“பொய் சொல்லாதை. எனக்குத் தெரியாதே அந்த நோ.”

“ஓம், நோகுது” என்றாள். சொன்னதும் கண் கலங்கியது. “கோவமோ என்னோடை?”

அவன் தேத்தண்ணீரை வாங்கிப் படியில் வைத்தான். அவளுடைய கையைத் தன் வலது கையால் பிடித்து, வில்லைப் பிடிக்கிற மாதிரி நீட்டவைத்து, முழங்கையை மெல்ல வெளிப்பக்கமாய்த் திருப்பினான்.

“வாற வருசம் இப்பிடித் திருப்பிப் பிடி” என்றான். “நாண் படாது.”